சட்டிக்குள் சொன்ன பெயர்

என் அம்மா மிண்டாவின் கீழுதட்டுக்கு அடியில், தாடையை ஒட்டி, பிறை போல ஒரு தழும்பு உண்டு. சுடுசட்டியின் விளிம்பு பட்ட தழும்பு.

அடிமை முறைக்காக நாடு இரண்டாகி அடித்துக்கொண்ட அந்த நான்கு வருடத்தில், போரின் போக்கைத் திருப்பிய இடங்கள் எவை என்று கல்லூரித் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. பென்சில்வேனியாவின் குன்றடி ஊர், மிசிசிப்பி ஆற்றின் மேட்டுக் கோட்டை, ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட பிரகடனம் என்று எல்லோரையும் போல நானும் எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது. போருக்குப் பிறகு நாங்கள் குடியேறிய தீவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விடையை எழுதி முடிக்கும்வரை கண்ணுக்குள் நின்றது அம்மாவின் தழும்புதான். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை போர் திரும்பிய இடம் அது.

அம்மா பிறந்ததும் உழைத்ததும் தெற்குக் கரோலினாவில், கடல் ஏற்றம் எட்டும் ஓர் ஆற்றங்கரை நெல் தோட்டத்தில். வயலும் துரைக்குச் சொந்தம், வயலில் நின்றவர்களும் துரைக்குச் சொந்தம். அடிமைகளின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் எங்களுக்கு ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி. அப்பா பிரிஸ்டோ மதகு வேலைக்காரர். எனக்கு அவர்கள் வைத்த வீட்டுப் பெயர் குவாக்கோ. டைட்டஸ் என்பது பிறகு ஏட்டில் ஏறிய பெயர்.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் இடத்தை விட்டுக் கிளம்பினால், வாசலில் நின்று அதன் வீட்டுப் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். "வா, போகலாம், இங்க நிக்காத." உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். உயிர் என்பது விளையாட்டுப் பிள்ளை, எந்த மூலையிலாவது குந்தியிருக்கும். கூப்பிடாமல் போனால் அது அங்கேயே நின்றுவிடும். பிறகு அந்தப் பிள்ளை தேறாது.

போர் தொடங்கிய வருடம், குளிர்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடல் பக்கமிருந்து பீரங்கிச் சத்தம் கேட்டது. வடக்கத்திக் கப்பல்கள் தீவுகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் அப்போது கைக்குழந்தை, உடம்பு அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்ததாம். பகல் நேரத்திலேயே துரை வீட்டில் வெள்ளிச் சாமான்களைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அந்தக் கலவரத்தில் அப்பா அறைக்கு ஓடி வந்தார்.

"வா மிண்டா, ஓடைக்குள்ள ஒரு தோணி கெடக்கு. இப்ப விட்டா இனி வாய்க்காது."

"வடக்கத்தி யாங்கிக்காரன் புடிச்சுக் கியூபாவுக்கு வித்துருவானாம்ல."

"யாரு சொன்னா?"

"தொரதான் சொன்னாரு."

"தொர என்னைக்கு உங்கிட்ட நெசம் பேசினாரு?"

"அவனுங்களுக்குத் தலையில கொம்பு இருக்காம்யா."

"இருந்துட்டுப் போவுது. கொம்பு இருந்தா அது மாடு. எனக்கு மாடு மேய்க்கத் தெரியாதா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததாம். கால் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. காய்ச்சல் பிள்ளையோடு திறந்த தண்ணீரில் போகிற பயம் ஒன்று, கியூபா பயம் ஒன்று. "நீ போயி கொம்ப எண்ணிட்டு வா. அப்புறம் பாக்கலாம்" என்றாள். அப்பா போனார். மறுநாளே துரைமார் படை ஆற்று நெடுகக் காவல் போட்டது. எண்ணிச் சொல்ல அவர் திரும்பி வர வழியில்லை.

அந்த வாரமே துரை, சனத்தில் பாதியை உள்நாட்டுப் பைன் காட்டுக்கு ஓட்டிப் போனார். எங்கள் பக்கத்து அறை ஹேகர் பெரியம்மாவையும் அவள் மகன் டெம்போவையும் வண்டியில் ஏற்றினார்கள். சாட்டைக்காரன் பக்கத்தில் நின்றான். பெரியம்மா பெயர் கூப்பிட வாயைத் திறந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. டெம்போ பைன் காட்டில் சாப்பிடவில்லை. வந்த பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தான். வசந்தத்தில் நடவுக்கு ஆள் போதாமல் பெரியம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் தனியாகத்தான் வந்தாள். அது காய்ச்சல் என்று இன்று நான் சொல்வேன். ஆனால் அதைப் பெரியம்மா முகத்துக்கு நேரே சொல்ல என் படிப்புக்குத் தைரியம் போதாது. அன்றிலிருந்து பிள்ளையோடு யார் எங்கே கிளம்பினாலும் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கூப்பிட்டியா?"

அடுத்த குளிர்காலத்தில் பிரகடனம் வந்தது. நாம் எல்லோரும் இனி சுதந்திரம் என்று ஜனாதிபதி எழுதிவிட்டாராம். அந்தச் செய்தி துரை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து சமையற்கட்டுக்கு வந்து, அங்கிருந்து லயத்துக்கு வந்தது. சுதந்திரம் மட்டும் வரவில்லை. வந்தது இன்னும் பெரிய பயம். கங்காணி ஸ்டோக்ஸ் நாய்களைக் கட்டவிழ்த்துவிட்டான். மன்டே என்ற எங்கள் ஆள் ஒருவர் கட்டைத் தோணியோடு பிடிபட்டார். அவரைத் துறையிலேயே ஒரு கம்பத்தில் தொங்கவிட்டார்கள், உடலைக் கீழே இறக்க விடவில்லை. வயலுக்குப் போகும் வழி துறையைத் தொட்டுத்தான் போகும். அம்மா என் முகத்தைத் தன் மாரோடு அழுத்திக்கொண்டு நடப்பாள். எனக்கு மூச்சு முட்டும், அழுவேன். அழுதாலும் கையைத் தளர்த்தமாட்டாள்.

ஸ்டோக்ஸ் எங்கள் நடுவிலேயே வளர்ந்தவன். எங்கள் வழக்கம் அவனுக்கும் தெரியும். லயத்து வாசலில் ஒருத்தி பிள்ளையின் பெயரை அடுத்தடுத்துக் கூப்பிட்டால் அவள் ஓடப் பார்க்கிறாள் என்று அர்த்தம். அப்படி ஒருத்தி பிடிபட்டாள். அவள் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தங்கச்சி வீட்டுக்குத்தான் கிளம்பியிருந்தாள். அடி என்னவோ ஓடியவளுக்கு உரிய அடி.

அதற்கப்புறம் பெண்கள் சட்டியைத் தேடினார்கள். துரைக்குத் தெரியாமல் ஜெபம் கூடும் வேளைகளில் வாசற்படியில் இரும்புச் சட்டியைக் கவிழ்த்துவைப்பது எங்களுக்குப் பழைய பழக்கம். சத்தத்தைச் சட்டி குடித்துவிடும் என்பது நம்பிக்கை. இப்போது தாய்மார் சட்டிக்குள் வாயை வைத்துப் பிள்ளையின் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். உயிருக்குக் கேட்கும், கங்காணிக்குக் கேட்காது.

கோடை பிறந்த ஒரு காலையில் அம்மா வயலில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். ஆற்று மூடுபனிக்குள்ளிருந்து கரும்புகை எழுந்தது. பிறகு இரண்டு நீராவிப் படகுகள். மேல்தட்டில் நீலச் சட்டைச் சிப்பாய்கள். முகங்கள் எங்களைப் போலவே கறுப்பு.

ஸ்டோக்ஸ் குதிரையை வரப்போடு ஓட்டி வந்தான். "காட்டுக்கு ஓடுங்க எல்லாரும். யாங்கி வந்துட்டான். புடிச்சான்னா கியூபாதான்."

ஹேகர் பெரியம்மா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். "நீங்க முன்னால போங்க எசமான். நாங்க இந்தா பின்னாலயே வர்றோம்."

அவன் காவற்படையைக் கூட்டிவரக் காட்டுப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், வயல் முழுக்க ஆற்றுப் பக்கம் திரும்பியது. கோழியைக் கக்கத்தில் இடுக்கியவர்கள், பன்றிக்குட்டியைச் சாக்கில் போட்டவர்கள், அடுப்பிலிருந்த சோற்றுச் சட்டியை அப்படியே தலையில் தூக்கியவர்கள். ஆவி பறக்கப் பறக்க ஓடினார்கள். அம்மா பிள்ளைக் கொட்டகைக்கு ஓடினாள். வயற்காட்டுப் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் விட்டுவைக்கும் இடம் அது. அங்கிருந்து என்னைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நேரே ஆற்றுக்குப் போகும் பெரிய கரையில் ஏறினாள்.

கரையில் பாதி தூரம் போயிருப்பார்கள். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஹேகர் பெரியம்மா மூச்சுவாங்கிக் கேட்டாள்.

"கூப்பிட்டியா?"

அம்மாவின் கால் நின்றது.

"கூப்பிடலக்கா. கொட்டகையிலேருந்து நேரா வந்துட்டேன்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "சரி, வா. வாடி. படகுலேருந்து கூப்பிட்டுக்கலாம்."

"டெம்போவ நீ பைன் காட்டுலேருந்து கூப்பிடலயா? எத்தன நாள் கூப்பிட்ட?"

அம்மா திரும்பிவிட்டாள். எல்லோரும் ஆற்றை நோக்கி ஓடுகிறார்கள், அம்மா ஒருத்தி அவர்களை இடித்துக்கொண்டு எதிரே லயத்தை நோக்கி ஓடுகிறாள். "ஏ, கிறுக்கச்சி, வழி அந்தப் பக்கம்" என்று யாரோ கத்தியது அவளுக்கு வெகுநாள் காதில் இருந்தது.

லயம் காலி. திறந்த கதவுகள், கவிழ்ந்த கூடைகள். எங்கள் அறை வாசலில் நின்று வாயைத் திறந்தவள், குளம்புச் சத்தம் கேட்டு மூடிக்கொண்டாள். காட்டுப் பக்கமிருந்து வருகிறது. குதிரைகளுக்கு முன்னால் நாய்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் கிடையாது. லயத்து அறைகளுக்குத் தாழ்ப்பாள் வைக்கத் துரை விட்டதில்லை.

அடுப்பில் சட்டி இருந்தது. மத்தியானத்துக்கு என்று காலையிலேயே ஏற்றிவிட்டுப் போன சோளக்கூழ், உப்புக்கண்டம் ஒரு துண்டு போட்டது, கொதித்துக்கொண்டிருந்தது. வேறு சட்டி கிடையாது. பாவாடையால் பிடித்துத் தூக்கி, கூழைக் கதவுக்கு உள்பக்கம் வாசற்படி ஓரம் கொட்டினாள். காலியான சட்டியை மடியில் சாய்த்து அதற்குள் முகத்தை வைத்தாள்.

"குவாக்கோ, வா, போகலாம். இங்க நிக்காத."

விளிம்பு தாடையைச் சுட்டது. தோல் பொசுங்கும் வாசனை அவளுக்கே வந்ததாம். முகத்தை எடுக்கவில்லை. எடுத்தால் சத்தம் வெளியே போகும்.

"குவாக்கோ, வா, போகலாம். இங்க நிக்காத."

வெளியே குதிரை நின்றது.

"யாரு உள்ள?" ஸ்டோக்ஸின் குரல். "மிண்டாவா? பிரிஸ்டோ பொண்டாட்டிதான? பயப்படாத புள்ள, வெளிய வா. ஒண்ணும் செய்யமாட்டேன்."

அந்தக் குரல் இனிப்பாக இருந்ததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. துறையில் மன்டேயிடமும் அவன் அப்படித்தான் பேசியிருந்தான். மூன்றாவது அழைப்பு தொண்டைக்குள்ளேயே நின்றது. நான் அழவில்லை. அழாமல் அவளையே பார்த்தேனாம்.

கதவை முட்டிக்கொண்டு நாய்கள் நுழைந்தன. நுழைந்தவை நின்றன. படியோரம் ஆவி பறக்கும் கூழ், அதில் உப்புக்கண்டம். போர் வந்த பிறகு அந்தத் தோட்டத்தில் நாய்களுக்கும் அரைவயிறுதான். ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு, வாய் சுட்டு ஊளையிட்டுக்கொண்டு, அந்த வாசலை அடைத்துக் குவிந்தன. ஸ்டோக்ஸ் சாட்டையால் விளாசினான். நாய்கள் நகரவில்லை. குதிரை மிரண்டது.

பின்சுவரில் பலகை போட்ட ஒரு ஜன்னல். பலகையைத் தள்ளி, என்னை வெளியே போட்டுவிட்டு அம்மா குதித்தாள். கரைமேல் போனால் குதிரை பிடித்துவிடும். வயல் வாய்க்காலில் இறங்கினாள், மார்பளவு தண்ணீர். சட்டி தண்ணீரில் பட்டுச் சீறி ஆறியபோதுதான் அது கையில் இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. என்னை அதற்குள் குந்தவைத்து, மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டே போனாள். நாணலுக்கு மேலே தோட்டாக்கள் போயின. கரையில் ஓடியவர்களில் கடைசியாகப் போன ஒரு சின்னப் பெண் விழுந்ததை நாணல் இடுக்கு வழியே பார்த்தாள். அந்தப் பெண்ணின் பெயரை அம்மா கடைசிவரை சொன்னதே இல்லை.

வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்துக்குச் சற்று மேலே, நீராவிப் படகுக்கு ஆள் ஏற்றிய கடைசித் துடுப்புப் படகு நின்றது. நின்றது என்பது தவறு, ஹேகர் பெரியம்மா நிறுத்தியிருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒரு சிப்பாய் துடுப்புக் கட்டையால் அவள் விரல்களை அடித்துக்கொண்டிருந்தான்.

"கைய எடு பெரிம்மா. ஏறுறதுன்னா ஏறு, இல்ல விடு. எல்லாருமா சாகணுமா?"

"ஒரு புள்ள வரணும் தம்பி."

"படகு கவுந்துரும்."

"கவுழட்டும். உன் ஆத்தா உன்ன விட்டுட்டா போனா?"

அவன் இன்னொரு அடி அடித்தான். அவள் விடவில்லை. அதற்குள் நாணலை விலக்கிக்கொண்டு ஒரு சட்டியும், சட்டிக்குள் நானும், பின்னால் அம்மாவும் வந்தோம். பெரியம்மாவின் வலக்கை விரல் இரண்டு கடைசிவரை நிமிரவில்லை. கேட்டால், "கேட்கக் கூடாத நேரத்துல கேட்டேன்ல, அதுக்குக் கூலி" என்பாள்.

வடக்கத்திப் படை பிடித்துவைத்திருந்த பியூஃபர்ட் என்ற தீவு ஊரில் எங்களை ஒரு தேவாலயத்தில் தங்கவைத்தார்கள். படை முகாமிலிருந்து நீலக் கோட்டு போட்ட ஒருவர் வந்தார். கோட்டைப் பார்த்து அம்மா பின்னால் நகர்ந்தாள்.

"என்னயப் பாத்தா பயப்படுற?" என்றார் அப்பா. தொப்பியைக் கழற்றிக் குனிந்து தலையைக் காட்டினார். "எண்ணிக்க. ஒரு கொம்பும் இல்ல."

அம்மா சிரிக்கவில்லை. "ரெண்டு தடவதான்யா கூப்பிட்டேன்" என்றாள். "மூணாவது கூப்பிட முடியல. முழுசா வந்திருக்கானா பாரு."

அப்பா என்னைத் தூக்கி வெகுநேரம் முகத்தைப் பார்த்தார். "வந்திருக்கான்" என்றார். அவர் குரலில் உறுதி போதவில்லை என்று அம்மாவுக்குத் தோன்றியது.

அடுத்த மாதம் ஊரெல்லாம் மணி அடித்தார்கள். வடக்கே குன்றடி ஊரில் வெற்றி, மேற்கே ஆற்றுக் கோட்டை விழுந்தது, போர் திரும்பிவிட்டது என்று தெருவில் ஆடினார்கள். அம்மா திண்டாடிக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேனாம், ஆறு வந்த பக்கம். மறு குளிர்காலம் அப்பா ஃப்ளோரிடாப் பக்கம் போன படையோடு போனார். திரும்பவில்லை.

போர் முடிந்தது. விடுதலை வந்தது. தீவில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கூட வந்தது. பயம் மட்டும் முடியவில்லை. எனக்குச் சளி பிடித்தால் அம்மா நெஞ்சில் கை வைத்து, "ஒரு பங்கு அங்கயே நிக்குது" என்பாள். புத்தகத்தில் மூழ்கி, கூப்பிட்டது கேட்காமல் உட்கார்ந்திருந்தாலும் அதே பேச்சுதான். பள்ளிக்குக் கிளம்பும் என்னைத் தினமும் அந்தச் சட்டிக்குள்தான் கூப்பிட்டாள். "இனி சத்தமா கூப்பிடலாம்மா, கங்காணி இல்ல" என்று ஒருமுறை சொன்னேன். "ஒனக்குத் தெரியுமா?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரு தேர்தல் வருடத்தில் கறுப்பர் ஓட்டைத் தடுக்கச் சிவப்புச் சட்டை போட்ட குதிரைக்காரர்கள் நாட்டுப்புறம் முழுக்க வலம் வந்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை.

பட்டம் வாங்கி வந்த கோடையில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த வாசலுக்கு என்னயக் கூட்டிட்டுப் போறியா?"

தோணி எடுத்துப் போனோம். கடல் வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும் நேரம். துறையில் கம்பம் இல்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் அம்மா கை தானாக எழுந்து என் முகத்தை மறைக்க வந்தது. வளர்ந்த மகனின் முகம், கை பாதியில் நின்றுவிட்டது. லயம் எரிந்து போயிருந்தது. புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நின்றன. எங்கள் அறையின் படிக்கல் புல்லுக்குள் கிடந்தது. நிலம் இப்போது வேறொருவருடையது. வேலியில், நுழைபவன் சுடப்படுவான் என்று பலகை அடித்திருந்தார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துச் சொல்லவில்லை.

அவள் படிக்கல்மேல் நின்றாள். பையிலிருந்து சட்டியை எடுத்தாள்.

அப்போதுதான் குளம்புச் சத்தம் கேட்டது. காட்டுப் பாதையிலிருந்து, ஒரே குதிரை, அவசரமில்லாத நடை. அந்தக் காலத்தில் என்னைப் போல ஒரு கறுப்புப் பையன், கழுத்துப்பட்டியும் பளபளக்கும் பூட்ஸுமாக, அடுத்தவர் நிலத்தில் நிற்பதை யாரும் பார்க்கக் கூடாது. அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"போலாம்மா. யாரோ வர்றாங்க. வாம்மா, அப்புறம் வரலாம்."

"இரு."

"அம்மா."

"இருன்னு சொன்னேன்ல."

குதிரை மரங்களுக்கிடையில் தெரிந்தது. ஒரு தொப்பி, சேணத்தில் குறுக்காக ஒரு துப்பாக்கி. அந்த ஆள் எங்களைப் பார்த்துவிட்டார். கடிவாளத்தை இழுத்து நின்றார்.

அம்மா சட்டியைப் பார்த்தாள். குனிந்து அதைப் புல்லில் வைத்தாள். நிமிர்ந்தபோது உதட்டுக்குக் கீழே அந்தப் பிறை வெளுத்திருந்தது. வயலுக்கும் ஆற்றுக்கும் காட்டுக்கும் கேட்கும்படி, அவள் வாயைத் திறந்தாள்.

"குவாக்கோ, வா, போகலாம். இங்க நிக்காத."

புகைபோக்கிகளில் பட்டு அந்தப் பெயர் திரும்பி வந்தது. குதிரைக்காரர் அசையவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வர்றேம்மா" என்றேன்.

"சத்தமா சொல்லு."

சொன்னேன். அம்மா சட்டியை எடுத்துக்கொண்டாள். தோணி வரைக்கும் அவள் ஓடவில்லை, என்னையும் ஓடவிடவில்லை. என் முதுகு மட்டும் வழியெல்லாம் ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே நடந்தது. ஆற்று வளைவு தாண்டியதும் அவள் என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு தோணியின் அடியில் ஊறியிருந்த தண்ணீரை அந்தச் சட்டியாலேயே இறைத்து வெளியே ஊற்ற ஆரம்பித்தாள்.